மாயத்தை நீக்கினால் காதல் நிற்குமா? அண்மைக்கால மிகுபுனைவுக் காதல் நாவல்கள் குறித்து

கரிசல் வாசகி:

வணக்கம். ஆங்கிலத்தில் மிகுபுனைவும் (ஃபேன்டஸி) காதலும் கலந்து வரும் நாவல்கள் இன்று ஒரு பெருவெள்ளமாகவே ஆகிவிட்டன. ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' 2023 மே மாதம் வெளிவந்தது. அந்த வரிசையின் மூன்றாம் நூலான 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில் வந்தபோது முதல் வாரத்திலேயே 27 லட்சம் படிகள் விற்றன. நம் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் ரொமாண்டஸி எனப்படும் இக்கலவைக்கென்று தனி அடுக்கு ஒதுக்கும் அளவுக்கு இந்த வகை வளர்ந்திருக்கிறது. இவற்றில் கணிசமானவற்றை வாசித்த பிறகு எனக்குள் ஓர் அளவுகோல் உருவாகியிருக்கிறது. அதை இங்கே முன்வைத்து உங்கள் கருத்துகளையும் கேட்க விரும்புகிறேன். கதையின் முக்கியத் திருப்பங்களைப் பேசாமல் இதை விளக்க முடியாது. ஆகவே இந்நூல்களை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் கவனமாகத் தொடரவும்.

என் அளவுகோல் இதுதான். ஒரு நாவலிலிருந்து மாயத்தை முழுவதுமாக நீக்கிவிட்டால் அதிலுள்ள காதல் அப்படியே நிற்குமா? நிற்கும் என்றால், டிராகனும் தேவதைகளும் நாடக மேடையின் பின்திரையைப் போல வெறும் அலங்காரம்தான். நிற்காது என்றால், அந்த உலகத்தின் விதியே காதலின் தடையாகவும் காரணமாகவும் ஆகியிருக்கிறது என்று பொருள். இரண்டாம் வகையைத்தான் நான் தேடிப் படிக்கிறேன்.

இதற்கு நான் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டு வி. இ. ஷ்வாப் எழுதி 2020இல் வெளியான 'தி இன்விசிபிள் லைஃப் ஆஃப் ஆடி லரூ'. 1714இல் பிரான்சின் ஒரு சிற்றூரில், விரும்பாத திருமணத்திலிருந்து தப்புவதற்காக ஆடி என்ற பெண் இருட்டிய பிறகு வந்த ஒரு தெய்வத்திடம் வேண்டிக்கொள்கிறாள். சாகாத வாழ்வு கிடைக்கிறது; ஆனால் அவளைப் பார்ப்பவர்கள், அவள் கண்ணை விட்டு மறைந்த கணமே அவளை மறந்துவிடுகிறார்கள். தன் பெயரைச் சொல்ல வாய் வராது, எழுத முயன்றால் எழுத்து நிற்காது. முந்நூறு ஆண்டுகள் இப்படியே கழிகின்றன. பிறகு 2014இல், நியூயார்க்கின் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து அவள் ஒரு நூலைத் திருடுகிறாள். எப்படியும் யாருக்கும் நினைவிருக்காது என்ற துணிவில் மறுநாள் அதே நூலை அதே கடைக்குக் கொண்டுபோய், வேறொன்று மாற்றித் தரும்படி கேட்கிறாள். கடையில் இருக்கும் ஹென்றி, அவளை நினைவிருக்கிறது என்கிறான். வேறெந்த நாவலிலும் திருட்டுப் பிடிபடும் காட்சியாகவே இது இருந்திருக்கும். இங்கே, அதுவரை நூற்றுக்கணக்கான பக்கங்களில் அடுக்கி வைத்த விதி ஒன்று உடைவதால், அந்த ஒரு வாக்கியமே காதல் மொழியாகிவிடுகிறது. ஆடியின் சாபத்தை எடுத்துவிட்டால் ஒரு கடைக்காரனும் ஒரு திருடியும்தான் மிஞ்சுவார்கள்.

அடுத்தது நவோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்' (2018). இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு உற்சாகம் சற்று மிகுதியாகவே வரும். மிரியம் ஒரு யூத வட்டிக்கடைக்காரரின் மகள். கொடுத்த கடனைக் கேட்டு வாங்கத் தெரியாத தந்தையால் குடும்பம் குளிரில் வாடுகிறது. ஒருநாள் அவளே கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் படியேறுகிறாள். வெள்ளியைப் பொன்னாக்குவேன் என்று அவள் பெருமையாகச் சொன்னது பனிநாட்டு அரசன் காதில் விழ, அவன் முதலில் 6 வெள்ளிக் காசுகள், பிறகு 60, பிறகு 600 கொண்டுவந்து பொன்னாக்கித் தரச் சொல்கிறான். அவள் மந்திரம் எதையும் செய்வதில்லை. நகரத்து நகைத் தொழிலாளியிடம் அந்த வெள்ளியைக் கொடுத்து மோதிரம், கழுத்தணி, மணிமுடி என்று செய்வித்துப் பிரபுவிடம் விற்றுப் பொன் பெறுகிறாள். அரசன் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவளை மணந்து தன் நாட்டுக்கு அழைத்துப்போகிறான். இருவருக்கும் இடையே அன்பு என்ற பேச்சே பல நூறு பக்கங்களுக்கு எழுவதில்லை. பேரம்தான் நடக்கிறது. மணவாட்டியாக அவன் கோரக்கூடிய உரிமைக்கு ஈடாக, ஒவ்வோர் இரவும் தன் கேள்விகளுக்கு அவன் விடை சொல்ல வேண்டும் என்று அவள் வரையறை செய்துகொள்கிறாள். அந்த நாட்டில் நன்றி என்ற ஒன்று கிடையாது. பெற்றதற்கு ஈடு கொடுத்தே ஆக வேண்டும். கடனும் வரவும் மட்டுமே அறிந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் மதிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்நாவலின் காதல். அதில் ஒரு கணக்குப் புத்தகத்தின் நேர்மை இருக்கிறது.

'ஃபோர்த் விங்' இந்த அளவுகோலில் பாதி தேறுகிறது. நாயகி வயலட்டைச் சுமக்கும் டெய்ர்ன் என்ற டிராகனும், நாயகன் சேடனைச் சுமக்கும் ஸ்கேல் என்ற டிராகனும் இணைகள். நெடுநாள் பிரிந்திருக்க அவற்றால் இயலாது. ஆகவே, பகைக் குடும்பங்களைச் சேர்ந்த இவர்கள் இருவரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அருகிலேயே இருக்க நேர்கிறது. இது அருமையான ஏற்பாடு. ஆனால் ஆசிரியர் அதைப் பெரும்பாலும் இருவரையும் ஒரே அறைக்குள் கொண்டுவரும் வசதியாகவே பயன்படுத்துகிறார். தன் உணர்வு எது, தன் டிராகனின் உணர்வு எது என்ற குழப்பம் சில இடங்களில் வந்துபோகிறது; அதைத் தோண்டியிருந்தால் மிக ஆழமான நாவல் கிடைத்திருக்கும்.

தெற்கு வாசல்:

வாசகி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதியை மறுக்க வேண்டியிருக்கிறது.

மாயம் காதலுக்குத் தடையாக இருந்தே ஆக வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்? டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாத்தேஸ்' 2022இல் ஆசிரியராலேயே வெளியிடப்பட்டு, அதே ஆண்டு டோர் பதிப்பகத்தின் வழியாகப் பரவலாகச் சென்றது. பல ஆண்டுகள் வாளேந்திக் களைத்த விவ் என்ற ஓர்க் (முரட்டுப் போர்வீர இனம்) பெண், தூன் என்ற ஊரில் ஒரு காப்பிக் கடை திறக்கிறாள். அந்த ஊரில் காப்பி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. பழைய குதிரை லாயத்தைச் சீர்செய்வது, தச்சரை அமர்த்துவது, இலவங்கப்பட்டை ரொட்டி சுடும் திம்பிளைக் கண்டுபிடிப்பது என்று கதை நிதானமாக நடக்கிறது. வேலைக்கு வந்த டாண்ட்ரியோடு அன்பு முளைப்பதும் அதே நிதானத்தில்தான். பலகையில் விலைப்பட்டியல் எழுதுவதும் அன்றாடக் கடை வேலைகளைப் பகிர்ந்துகொள்வதுமே அவர்கள் காதல். உலகம் அழியும் அச்சுறுத்தல் எதுவும் கிடையாது. மனம் நிறைந்து படித்த நாவல் அது. உங்கள் அளவுகோல் இதைத் தள்ளிவிடும் என்றே நினைக்கிறேன்.

'ஃபோர்த் விங்' குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். எளிதில் மூட்டு விலகும், எலும்பு முறியும் உடலோடு வயலட் அந்தப் போர்க் கல்லூரிக்குள் வருகிறாள். எழுத்தர் பிரிவில் சேர்ந்து நூல்களோடு வாழ விரும்பியவளை, தளபதியான தாய்தான் டிராகன் வீரர் பிரிவுக்குத் தள்ளுகிறாள். ஆசிரியர் தாமே எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத்திசுக் குறைபாட்டோடு வாழ்பவர் என்பதால், வலியைப் பற்றிய பகுதிகளில் ஒரு திட்டவட்டம் இருக்கிறது. டிராகன் முதுகில் வயலட்டால் பிடித்து உட்கார முடிவதில்லை, விழுந்துகொண்டே இருக்கிறாள். சேடன் அவளுக்காக ஒரு சேணம் வடிவமைத்துத் தருகிறான். பிற வீரர்கள் எவருக்கும் தேவைப்படாத பொருள் அது. அவள் பலவீனத்தை மறைக்கச் சொல்லாமல், அதற்கேற்ப ஒரு கருவியைச் செய்து கொடுக்கும் அந்த இடம்தான் எனக்கு அந்நாவலின் உண்மையான காதல் காட்சி. நிறையப் பேசப்படும் படுக்கையறைக் காட்சிகள் இதன் பக்கத்தில் வர முடியாது. டிராகன் இல்லாமல் சேணம் இல்லை அல்லவா? உங்கள் அளவுகோலின்படியே இது தேறுகிறது.

கரிசல் வாசகி:

சேணத்தைச் சொன்னதற்கு நன்றி. அது வலுவான சான்று, ஏற்கிறேன்.

'லெஜண்ட்ஸ் அண்ட் லாத்தேஸ்' நாவலை நான் தள்ளவில்லை. விவ் தன் கடையின் தரைக்கடியில் நற்பேறு தரும் ஒரு கல்லைப் புதைத்து வைத்திருக்கிறாள். கடைக்கு வந்து சேர்ந்த நல்ல மனிதர்கள் அந்தக் கல்லின் ஈர்ப்பால் வந்தார்களா, தாமாக வந்தார்களா என்ற ஐயம் அவளை அரிக்கிறது. கல் போன பிறகும் அவர்கள் நிற்கிறார்கள். டாண்ட்ரியைப் பொறுத்தவரை, அவள் பிறந்த இனத்தை வைத்தே, பிறரை மயக்கித் தன் வசப்படுத்துபவள் என்று ஊர் கருதுகிறது. அப்படிப்பட்டவளிடம் அன்பு தோன்றும்போது, அது தன் சொந்த அன்புதான் என்று விவ் உறுதியாக நம்புவது சிறிய செயலா? மெதுவாகச் சொல்லியிருக்கிறார் என்பதால் மாயம் அங்கே வேலை செய்யவில்லை என்று ஆகிவிடாது.

மழைக்கால நூலகர்:

அன்புடையீர், நான் ஒரு நூலகத்தில் பணியாற்றுகிறேன். இந்த உரையாடலில் இதுவரை எழாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்நாவல்களில் இருவருக்கும் இடையிலுள்ள அதிகார ஏற்றத்தாழ்வு. பத்தொன்பது வயதுப் பெண்ணையும் ஐந்நூறு வயது ஆணையும் இணைப்பது இந்த வகையில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015இல் இளையோர் நாவலாக வந்தது. 2020இல் அட்டையை மாற்றி, வயது வந்தோர் பிரிவுக்கு நகர்த்தினார்கள். உள்ளடக்கம் அதேதான். பழைய அட்டையைப் பார்த்து, பிள்ளைகளுக்கான தேவதைக் கதை என்று எண்ணி எடுத்துப்போகும் பெற்றோரை நான் பலமுறை தடுத்திருக்கிறேன்.

அந்த வரிசையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. முதல் நூலில் நாயகி ஃபெய்ரா எழுதப் படிக்கத் தெரியாதவள். அவள் எதிர்கொள்ளும் உயிர்ச் சோதனைகளில் இரண்டாவதில், சுவரில் எழுதிய புதிருக்கு விடையாக மூன்று நெம்புகோல்களில் சரியானதை அவள் தேர்ந்து இழுக்க வேண்டும். கூர்முனைகள் பதித்த மேற்கூரை தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது; அருகில் நண்பன் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறான். எழுத்து கண்ணெதிரே இருக்கிறது, அவளால் படிக்க முடியவில்லை. கல்வி மறுக்கப்பட்ட ஒருவரின் அவமானத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன மிகுபுனைவுக் காட்சிகள் குறைவு. இரண்டாம் நூலில், அவளுடைய அடுத்த காதலனான ரைசண்ட் அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறான். முதல் காதலனான டாம்லின், பாதுகாப்பு என்ற பெயரில் அவளை வீட்டுக்குள் பூட்டுகிறான். காப்பதற்கும் அடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக இளம் வாசகிகள் முன் வைத்ததற்காக ஆசிரியரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் 2021இல் வந்த 'எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்' நாவலில் அதே ரைசண்ட் என்ன செய்கிறான்? கருவுற்றிருக்கும் ஃபெய்ராவின் உயிருக்கே ஆபத்து என்பதை அவளிடமிருந்து மறைக்கிறான்; சுற்றியிருப்பவர்களையும் மறைக்கச் செய்கிறான். தேர்ந்தெடுக்கும் உரிமை உனக்கே என்று சொல்லி அவள் மனத்தை வென்றவன், அவளுடைய உடல் பற்றிய செய்தியையே அவளுக்குத் தர மறுக்கிறான். டாம்லினுக்குக் கிடைத்த கண்டனத்தில் நான்கில் ஒரு பங்குகூட இவனுக்குக் கிடைப்பதில்லை. ஆசிரியருக்கு இவன்மேல் உள்ள பற்று கண்ணை மறைத்துவிட்டது என்பது என் கருத்து.

வாசகி அவர்கள் போற்றும் நோவிக் எழுதி, நெபுலா விருது பெற்ற 'அப்ரூட்டட்' (2015) நாவலிலும் இதே இடறல் உண்டு. நூறு வயதைக் கடந்த மந்திரவாதி, பதினேழு வயது அக்னியெஷ்காவை முட்டாள் என்று பலமுறை ஏசுகிறான். கடுமையாகப் பேசும் ஆண் உள்ளுக்குள் மென்மையானவன் என்ற நம்பிக்கையை எத்தனை நாவல்கள்தாம் விற்கும்?

பனைநிழல்:

நூலகர் ஐயா சொன்னதைத் தொடர்கிறேன். ஏற்றத்தாழ்வை மறைக்காமல், அதையே கதையின் நடுவில் வைத்த ஒரு நாவல் இருக்கிறது: தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021). 2022ஆம் ஆண்டின் உலக மிகுபுனைவு விருதை அது பெற்றது. பேரரசனான அண்ணன் சந்திரா, தங்கை மாலினியைத் தீயில் இறங்கச் சொல்கிறான், அவள் மறுக்கிறாள். ஆகவே, சிதைந்துபோன ஹிரானா என்ற மலைக்கோயிலில் அவளைச் சிறைவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சூட்டுகிறார்கள். அங்கே தரை துடைக்க வரும் பணிப்பெண் பிரியா, ஒரு காலத்தில் அதே கோயிலின் குழந்தையாக வளர்ந்தவள். அவளோடு வளர்ந்த பிள்ளைகளைத் தீயிட்டுக் கொன்றது மாலினியின் பேரரசு.

ஒருத்தி இளவரசி, ஆனால் கைதி. மற்றவள் வேலைக்காரி, ஆனால் கோயிலின் ஆற்றல் அவளிடம் உறங்குகிறது. யார் யாரைவிட வலியவர் என்று எந்தப் பக்கத்திலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாலினி தன்னைப் பயன்படுத்திக்கொள்கிறாள் என்பது பிரியாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் அருகில் செல்கிறாள். காதல் வந்தபின் சூழ்ச்சியெல்லாம் உருகிப்போய்விட்டது என்று ஆசிரியர் பொய் சொல்வதில்லை. சூழ்ச்சியும் அன்பும் மாலினியின் மனத்தில் கடைசிவரை அருகருகே வாழ்கின்றன.

வாசகி அவர்களின் கேள்விக்கும் இந்நாவல் விடையளிக்கிறது. பிரியாவின் ஆற்றல் யட்சர்களிடமிருந்து வருவது. கோயிலிலுள்ள மாய நீரில் மூழ்கி எழ எழ ஆற்றல் கூடும். ஆனால் ஒவ்வொரு முறையும் மனிதத்தன்மையில் ஒரு பகுதி கழிந்துபோகும். இரண்டாம் நூலான 'தி ஓலியாண்டர் ஸ்வார்ட்' (2022) முடியும்போது, யட்சர்கள் கேட்ட விலைக்காகப் பிரியா மாலினியையே கத்தியால் குத்துகிறாள். தன் மக்களைக் காக்க வேறு வழியில்லாத நிலையில் செய்தது அது. காதலர்களைப் பிரிப்பதற்கு ஒரு தவறான புரிதலைக் கொண்டுவந்து ஒட்டும் நாவல்களுக்கு நடுவே, இருவருமே உண்மையை அறிந்த நிலையில் நடக்கும் இந்தப் பிரிவு என்னைப் பல நாள் உலுக்கியது. யட்சி கதைகளையும், காவல் மரக் கதைகளையும் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாக இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

தெற்கு வாசல்:

பனைநிழல் சொன்ன "தவறான புரிதல்" பற்றி எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. 'ஃபோர்த் விங்' வரிசையின் இரண்டாம் நூலான 'ஐயர்ன் ஃப்ளேம்' (2023) நாவலில் வயலட்டும் சேடனும் ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். உண்மையைச் சொல் என்கிறாள் இவள். நீ கேட்டால் சொல்வேன் என்கிறான் அவன். அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீளும் நூலில் இது களைப்பையே தருகிறது.

இதற்கு மாற்றாக ஹெதர் ஃபாசெட்டின் 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்' (2023) நாவலைப் பரிந்துரைக்கிறேன். 1909இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு வட தீவுக்குத் தேவதைகளை ஆராயச் செல்லும் பேராசிரியையின் நாட்குறிப்பாக, அடிக்குறிப்புகளோடு எழுதப்பட்டது. மனிதர்களோடு பழகத் தெரியாதவள் எமிலி. உடன் பணியாற்றும் பாம்பிள்பி, எல்லோரையும் வசப்படுத்தும் சோம்பேறி. அவனே ஒரு தேவதை அரசன் என்பதை ஆராய்ச்சியாளரின் கண்ணால் அவள் முன்பே ஊகித்திருக்கிறாள். அவன் மரபில் வீடு துப்புரவு செய்யும் சிறு தேவதைகளின் இரத்தம் இருப்பதால், கலைந்து கிடக்கும் அவள் குடிலைச் சீர்செய்யாமல் அவனால் இருக்க முடிவதில்லை. அவளுடைய கிழிந்த உடைகளைத் தைத்துக் கொடுக்கிறான். அவன் மணம் செய்துகொள்ளக் கேட்டபோது, தேவதைகளை மணந்த மானிடர்களுக்கு நேர்ந்த கதிகளையெல்லாம் நன்கு அறிந்தவளாக, அவள் விடையைத் தள்ளிப்போடுகிறாள். அந்தத் தயக்கம் படிப்பிலிருந்து வருவது. பெண்ணின் அறிவே காதலுக்குத் தடையாகவும் அதன் சுவையாகவும் அமைவதை நான் வேறெங்கும் இவ்வளவு ரசித்ததில்லை. நூலகர் ஐயாவின் கவலைக்கும் இங்கே இடமில்லை. இவ்விருவரில் ஏமாளி யாரும் இல்லை.

மழைக்கால நூலகர்:

இரண்டு நூல்களையும் குறித்துக்கொண்டேன். பள்ளி மேல்வகுப்பு மாணவிகள் வந்து கேட்கும்போது எதை எடுத்துக் கொடுக்கலாம் என்பதையும் சொன்னால் எனக்கு உடனடியாகப் பயன்படும்.

கரிசல் வாசகி:

நூலகர் ஐயாவுக்கு முதலில் 'அப்ரூட்டட்' குறித்து ஒரு விடை. அந்த ஏச்சு எனக்கும் உறுத்தியது. ஆனாலும் இருவரும் சேர்ந்து மாயத்தில் ஒரு ரோஜாவை உருவாக்கும் காட்சியை நீங்கள் மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். அவன் மந்திரம் இலக்கணம் பிசகாதது. அவளுடையதோ காட்டு வழி நடப்பதைப் போலத் தடமறியாமல் செல்வது. இரண்டும் கலக்கும்போது அவனுக்கு அதுவரை கைகூடாத உயிர்ப்பு அந்தப் பூவுக்கு வருகிறது. அவள் முட்டாள் என்று அவன் சொன்னதெல்லாம் பொய் என்பதை அந்த மந்திரமே நிறுவிவிடுகிறது. மறுக்க அவனுக்கு இடமில்லை. நாவல் அவனை மன்னிக்கிறதா என்று கேட்டால், முழுவதுமாக இல்லை என்றே சொல்வேன். ரைசண்ட் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்த நூலைப் படித்தபோது எனக்கும் கோபம்தான் வந்தது.

மாணவிகளுக்கு ரெபெக்கா ராஸின் 'டிவைன் ரைவல்ஸ்' (2023) நூலைத் தாருங்கள். இளையோருக்கென்றே எழுதப்பட்டது. போருக்குப் போன அண்ணனிடமிருந்து கடிதமே வராத ஐரிஸ், தன் பாட்டியின் தட்டச்சுப் பொறியில் அவனுக்குக் கடிதம் அடித்து, அலமாரிக் கதவின் அடியில் தள்ளிவிடுகிறாள். அவை, செய்தித்தாள் அலுவலகத்தில் அவளுக்குப் போட்டியாளனான ரோமனின் அறைக்குப் போய்ச் சேர்கின்றன. தான் யாரென்று சொல்லாமல் அவன் பதில் எழுதத் தொடங்குகிறான். அவளுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும் என்பது நியாயமில்லையே என்று மாணவிகள் கேட்பார்கள். கேட்கட்டும், நாவலும் அதையே கேட்கிறது. தெய்வங்களின் போர் நடக்கும் பகுதிகள் சற்று மெலிந்தவைதான். கடிதங்கள் வரும் பக்கங்கள் ஒன்றுகூட வீணில்லை. இரண்டாம் நூலான 'ரூத்லெஸ் வவ்ஸ்' நாவலோடு கதை முடிந்துவிடுவதால், நீண்டுகொண்டே போகும் வரிசை என்ற அச்சமும் வேண்டாம். பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் கேட்டால் 'தி ஜாஸ்மின் த்ரோன்' கொடுங்கள். மூன்றாம் நூலான 'தி லோட்டஸ் எம்பயர்' 2024இல் வந்துவிட்டது, மூன்றையும் சேர்த்தே வாங்கி வையுங்கள். இரண்டாம் நூலின் முடிவில் நிறுத்திவிட்டு எந்த வாசகியாலும் காத்திருக்க முடியாது.